இன்னும் செய்யப்படாத மணி

வத்தேகம
06.11.2024

அன்புள்ள தங்கச்சி அகீலாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஸலாம் சொல்வது கடமை, சொல்லிவிட்டேன். சுகம் விசாரிப்பது கடமையில்லை, அதனால் விடுகிறேன்.

என்னுடைய தொலைபேசிக்கு எடுத்துப் பார்த்திருப்பாய். கிடைத்திருக்காது. சிம்மைக் கழற்றிவிட்டேன். மின்னஞ்சல் அனுப்பலாம்தான். அனுப்பினால் உன்னுடைய ஆட்கள் அதையும் ‘ஃபீட்பேக்’ என்று ஒரு கட்டத்துக்குள் போட்டு நிறம் தீட்டிவிடுவார்கள். ஆகவே கடிதம். இதை நீ கையில் பிடித்துக் கடைசிவரை வாசித்துத்தான் ஆகவேண்டும்.

ஒக்டோபர் 26ஆம் திகதி அந்த வீடியோவை ஏற்றினீர்கள். மறுநாள் காலையில் தொடங்கிய அழைப்புகள் சிம்மைக் கழற்றும்வரை நிற்கவில்லை. “உள்ளூர் நம்பர் இருந்தால்தான் சனம் நம்பும் நானா” என்று என் கடை நம்பரைப் போட்டாய். சனம் நம்பிவிட்டது. நான் பெயரே கேள்விப்படாத தோட்டங்களிலிருந்து எடுக்கிறார்கள். திருத்த வந்த ஒரு ஸ்டெபிலைசரைத் திறந்தால் மூட முடிவதில்லை. “மணிப் பொட்டி குடுக்குற இஞ்சினியர் சேருங்களா? மழ புடிச்சிருச்சு சேர், எப்ப கொண்டாந்து பூட்டுவீங்க?” நான் என்ன பதில் சொல்வது? பெட்டியே இல்லை என்றா?

நீ மறந்திருப்பாய். அதனால் என்ன செய்தோம் என்பதை எழுதிவைக்கிறேன். ஓகஸ்ட் மாதம் நீயும் உன் தொழில் பங்காளி ஜனார்த்தனனும் கமராவுடன் வந்தீர்கள். பன்விலத் தோட்டத்தில், செங்குத்தான மண்கரைக்குக் கீழே ஒன்பது குடும்பம் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில், கஜலட்சுமி என்ற பெண்ணின் ஒற்றை அறைக் காம்பராச் சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டியை அடித்தோம். பெட்டிக்குள் ஒரு சைக்கிள் மணி. கரையில் ஓர் இரும்புக் கம்பியை நட்டோம். கம்பிக்கும் மணிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. கக்கூஸ் சுவருக்குப் பின்னால் குந்தியிருந்து தங்கூசி நூலை இழுத்து மணியை அடித்தவன் நான், ஐம்பத்திரண்டு வயதில். மணி அடித்ததும் கஜலட்சுமி இரண்டு மகள்களையும் இழுத்துக்கொண்டு வெளியே ஓடவேண்டும். ஐந்து தரம் ஓடவைத்தான் ஜனார்த்தனன். ஐந்தாவது தரம் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டதால் ஆறாவது தரமும். பிறகு நான் கமராவைப் பார்த்துச் சொன்னேன்: “நான் பொறியியலாளர் ஸமீம். மண் அசைந்தால் இந்த மணி உங்களை எழுப்பும். இனி நிம்மதியாகத் தூங்குங்கள்.”

அழைப்புகளை விடு. நான் எழுதுவது அதற்காக இல்லை. அந்தப் பெட்டி இன்னும் அவள் சுவரில்தான் இருக்கிறது.

நேற்று பன்விலயிலிருந்து ஒருவர் ரேடியோ திருத்த வந்தார். அந்த லயத்துக்காரர். போன கிழமை கிராம சேவகர் வந்து, கரை ஊறிவிட்டது, ஒன்பது குடும்பமும் பள்ளிக்கூட மண்டபத்துக்குப் போங்கள் என்று சொன்னாராம். கஜலட்சுமி என்ன சொல்லியிருக்கிறாள் தெரியுமா? “பொட்டி இன்னும் அடிக்கல.” ஒருவரும் எழும்பவில்லையாம். ரேடியோக்காரர் இதை என்னிடம் சந்தோஷமாகச் சொன்னார். என்னைப் பாராட்டுகிறாராம்.

அடிக்காது, அகீலா. கரை முழுவதும் வந்து அவர்கள் தலையில் விழுந்தாலும் அது அடிக்காது.

வீடியோவை இறக்கு. உடனே வந்து அந்தச் சனத்திடம் உண்மையைச் சொல். உன்னுடைய யோசனை, உன்னுடைய பெட்டி. நீ வந்து சொல்லவேண்டும்.

இதற்குமேல் எழுதினால் பேனை உடைந்துவிடும்.

நானா
ஸமீம்


தெஹிவளை
11.11.2024

என் அன்பு நானாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்கிறேன், நான் சுகம். றலியா மச்சிக்கும் என் ஸலாம். கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். இரண்டாந்தரம் வாசிக்கும்போது உங்கள் சத்தமே காதில் கேட்டது.

நம்பரைப் போட்டது பிழைதான், மன்னியுங்கள். நேற்று நீக்கச் சொல்லிவிட்டேன். வீடியோவை மட்டும் இம்மாதம் 27ஆம் திகதிவரை இறக்க இயலாது. ஏன் என்று பொறுமையாகக் கேளுங்கள்.

தேயிலைக் கொழுந்து நிறுக்கும் கருவி ஞாபகமா? இரண்டு வருடம் நித்திரையில்லாமல் செய்தோம். ஒரு கிராம்கூடப் பிசகாது. கடைசியில் தோட்டத்துக்குள் வேறு தராசைக் கொண்டுவர ஒரு துரையும் விடமாட்டார் என்று தெரிந்தது. அதை முதல் நாளே கேட்டிருந்தால் இரண்டு வருடம் மிஞ்சியிருக்கும். அதனால்தான் இந்த முறை செய்வதற்கு முன்னால் காட்டுகிறோம். ஒரு பொருள் இருப்பதுபோல் வீடியோ எடுத்துப் போட்டு, யாருக்கு வேண்டும் என்று பார்ப்பது. வேண்டாம் என்றால் ஒரு பெட்டியும் ஒரு நாளும்தான் நட்டம். வேண்டும் என்றால் தைரியமாகச் செய்யலாம். இது ஏமாற்று இல்லை நானா. வீடு கட்டுவதற்கு முன் படம் கீறுவதைப் போன்றது.

சனத்துக்கு வேண்டும்! பதினைந்து நாளில் 412 பேர் அழைப்புப் பொத்தானை அழுத்தியிருக்கிறார்கள். 27ஆம் திகதி ஒரு நிதியத்தின் முன்னால் இதைக் காட்டப்போகிறோம். அவர்கள் ஏற்றுக்கொண்டால் அடுத்த மழைக்கு முன் உண்மையான மணி, உண்மையான கம்பி.

ஒன்றைக் கேட்டுத்தான் ஆகவேண்டும். நான் எழுதித் தந்த வசனத்தில் கடைசி வரி இருந்தது: “இந்தக் கருவி இன்னும் செய்யப்படவில்லை. உங்களுக்கு வேண்டுமா என்று சொல்லுங்கள்.” நீங்கள் அதைச் சொல்லவில்லை. மறந்துவிட்டீர்கள் என்று நினைத்தேன். ஜனா கடைசியில் சிறிய எழுத்தில் போட்டுவிட்டான். பெட்டியையும் நீங்கள் கழற்றிக்கொண்டு போவீர்கள் என்றுதான் நினைத்தோம். வேனில் ஏறும்போது “நான் பார்த்துக்கொள்கிறேன்” என்றீர்களே?

வத்தேகமயிலிருந்து பன்விலவுக்கு எவ்வளவு தூரம்? தயவுசெய்து நீங்களே போய் அதைக் கழற்றிவிட்டு, விஷயத்தைச் சொல்லிவிட்டு வாருங்கள். 27 முடியும்வரை என்னால் அசைய முடியாது.

இன்னும் யாராவது கோல் எடுத்தால் பெயர், ஊர், என்ன கேட்டார்கள் என்று ஒரு தாளில் குறித்துவைப்பீர்களா? பிரயோசனமாக இருக்கும்.

கோபம் உடம்புக்குக் கூடாது. மாத்திரையை ஒழுங்காகப் போடுங்கள்.

உங்கள் தங்கச்சி
அகீலா


வத்தேகம
16.11.2024

அகீலாவுக்கு,

ஒன்பது குடும்பத்தின் தலைக்குமேல் கரை ஊறிக்கொண்டிருக்கிறது. நீ என்னைத் தாளும் பேனையும் எடுக்கச் சொல்கிறாய். பிரயோசனமாக இருக்குமாம்.

படம் கீறினாயாம். வீட்டுப் படத்தைப் பார்த்துவிட்டு எவனாவது அதற்குள் போய்ப் படுத்துக்கொள்வானா? நீ கீறியது படமில்லை. கூப்பிட்ட 412 பேரில் ஒருவராவது ஜனார்த்தனனின் சிறிய எழுத்தை வாசித்திருந்தால் என்னைக் கூப்பிட்டிருக்க மாட்டார்.

அந்த வரியை நான் மறக்கவில்லை. வேண்டுமென்றுதான் சொல்லவில்லை. ஏன் என்று கேட்கிறாயா? கேள்.

இருபத்தாறு வருடம் கந்தோரில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்தேன். பொறியியலாளர் கீற வேண்டிய படங்களை நான் கீறினேன். அடியில் வேறொருவன் பெயர் போட்டான். நான் வேலைக்கு எடுத்துவிட்ட ஒருவன், மேலதிகாரியின் மருமகன் என்பதால் எனக்கு மேலே போய் உட்கார்ந்தான். முதல் நாளே என் பெயரைச் சொல்லாமல் விரலைச் சொடுக்கிக் கூப்பிட்டான். அன்றைக்கே விலகல் கடிதம் கொடுத்துவிட்டு வந்தவன் நான். இது உனக்குத் தெரியும். தெரிந்துதான் நீ கமராவுக்கு முன்னால் வைத்துச் சொன்னாய்: “நானா, பெயருக்குக் கீழே பொறியியலாளர் என்று போடுவோமா?” அந்தப் பட்டத்தைக் கொடுத்துவிட்டு, அடுத்த மூச்சில் ‘இது இன்னும் செய்யப்படவில்லை’ என்று சொல்லச் சொன்னாய். செய்யாத பொருளைக் காட்டுகிறவன் பொறியியலாளனா, வாசலில் சாமான் விற்க வருகிறவனா? அதனால் விட்டேன். ஒரு பகலுக்காவது அந்தப் பெயருக்குப் பொருத்தமாக நிற்க ஆசைப்பட்டேன். உன்னால் வந்த ஆசை.

அன்றைக்குக் கமரா அடங்கியதும் பெட்டியைக் கழற்றத்தான் போனேன். கஜலட்சுமி, “சேர், இது இங்கயே இருக்கட்டுமே, பாக்க அழகா இருக்கு” என்றாள். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஆணியைப் பிடுங்க என்னால் முடியவில்லை. தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

நீ சொல்லித்தான் நான் போகவேண்டும் என்றில்லை. செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் ஏறினேன். எனக்கு முன்னால் இருந்த ஒருவர் திரும்பிப் பார்த்துவிட்டு எழும்பி இடம் தந்தார். “உக்காருங்க சேர், ஒங்கள போன்ல பாத்தோம்” என்றார். பன்வில பஸாரில் இறங்கி, மனதைத் திடப்படுத்திக்கொள்ள ஒரு பிளேன்டீ குடிக்கலாம் என்று கடைக்குள் போனால், முதலாளி எழும்பிவிட்டார். “மணி இஞ்சினியர் சேருக்கு கதிரையப் போடு!” நாலு பேர் சுற்றிவந்து நின்றார்கள். ஒருவர் தன் வீட்டுக் கரையைக் கையால் காற்றில் கீறிக் காட்டி எந்த இடத்தில் கம்பியை நடலாம் என்று கேட்டார். நான் இடத்தைச் சொன்னேன், அகீலா. மூன்றடி தள்ளி நடச் சொன்னேன். பிறகு அடுத்த பஸ்ஸைப் பிடித்து வத்தேகமவுக்கே திரும்பிவிட்டேன்.

லயத்துக்குப் போகவில்லை.

என்னைக் கட்டிய பாவத்துக்கு உன் மச்சி கேட்டாள்: “அவங்கள்ட்ட சென்னீங்களா?” நான் சட்டையைக் கழற்றினேன். “சென்னீங்களா இல்லியா?” என்றாள். “நாளைக்கு” என்றேன். “கரைக்கும் நாளைக்கு வரச் செல்லி கடிதம் எழுதுங்க” என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள். அன்றிலிருந்து சரியாகக் கதைப்பதில்லை. சிம்மை எடுத்துத் தன்னுடைய போனில் போட்டிருக்கிறாள். வருகிற அழைப்பெல்லாம் அவளே எடுக்கிறாள். என்ன சொல்கிறாள் என்று நான் கேட்கவில்லை.

என்னை அந்தக் கமராவுக்கு முன்னால் நிறுத்தியது நீ. நீதான் வந்து சொல்லவேண்டும். நிதியம் ஒரு நாள் பொறுக்கும். மழை பொறுக்காது.

ஸமீம்


தெஹிவளை
20.11.2024

நானா,

இனிமேல் நானும் ஸலாத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். அஸ்ஸலாமு அலைக்கும்.

பொறியியலாளர் என்று போட்டது உங்களைச் சந்தோஷப்படுத்துவதற்கு. வேறு ஒன்றுக்கும் இல்லை. நீங்கள் அந்தக் கந்தோரை விட்டு வந்த நாளிலிருந்து வீட்டில் ஒருவரும் சத்தமாகச் சிரித்ததில்லை. ஒரு நாளைக்காவது உங்கள் முகத்தில் வெளிச்சத்தைப் பார்க்கலாம் என்று நினைத்தேன். பார்த்தேன். நீங்கள் ஜனாவிடம் மூன்று தரம் கேட்டீர்கள்: “அந்தச் சொல் பெரிய எழுத்திலயா வரும்?” அவன் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிக்கிறான். நான் அவனோடு சண்டை பிடித்தேன், உங்களுக்காக.

எல்லாரும் உங்களுக்குத் துரோகம் செய்தவர்கள். கந்தோர், மேலதிகாரி, மருமகன், இப்போது நான். ஒரு காரியத்திலாவது “நான் செய்தேன்” என்று ஒரு வசனத்தை முற்றுப்புள்ளி போட்டு எழுதியிருக்கிறீர்களா? ‘உன்னால் வந்த ஆசை’ என்று எழுதுகிறீர்கள். பன்வில பஸாரில் மூன்றடி தள்ளி நடச் சொன்னதும் என்னால் வந்ததா?

நிதியத்தின் இரண்டாவது சுற்றுக்குத் தெரிவாகியிருக்கிறோம். அந்த 412ஐத் தவிர எங்களிடம் காட்ட ஒன்றும் இல்லை. அதைவிட்டு நான் ஒரு நாள் வந்தால் அந்த மணி ஒருநாளும் செய்யப்படாது. அப்போது நீங்கள் சொன்னது நிரந்தரப் பொய்யாகிவிடும். யோசியுங்கள்.

காலநிலைக்காரர்கள் அடுத்த கிழமைக்குக் கடும் மழை சொல்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் நீங்கள் போய்ச் சொல்லாவிட்டால், திங்கட்கிழமை காலை நான் தோட்டக் கந்தோருக்குத் தொலைபேசியில் எடுத்துச் சொல்வேன். பெட்டி வெறும் பெட்டி, என் நானாவுக்கு அது முதலிலிருந்தே தெரியும் என்று. முழுப் பெயரோடு.

உங்களுக்குக் கோபம் வரும். வரட்டும்.

அகீலா


வத்தேகம
24.11.2024, ஞாயிறு

தங்கச்சி அகீலாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

நேற்றுப் போனேன். உன் பயமுறுத்தலுக்காகப் போகவில்லை. உன் கடிதத்தை வாசித்துக்கொண்டிருந்தபோது உன் மச்சி என் குடையைக் கதவடியில் கொண்டுவந்து சாத்திவிட்டு நின்றாள். அதற்காகப் போனேன்.

பகல் பன்னிரண்டு மணி இருக்கும். மழை தூறலாகக் குறைந்திருந்தது. கொழுந்து நிறுக்கும் மடுவத்திலிருந்து கஜலட்சுமி அப்போதுதான் வந்திருந்தாள். இடுப்பில் கட்டிய படங்கைக்கூட அவிழ்க்கவில்லை. என்னைக் கண்டதும், “வாங்க சேர், மறுபடியும் ஓடணுமா?” என்று சிரித்தாள்.

வழியெல்லாம் வசனம் தயாரித்துக்கொண்டு போனேன். அதையெல்லாம் விட்டுவிட்டு, “கஜலட்சுமி, அந்தப் பெட்டி அடிக்காது” என்றேன்.

“தெரியும் சேர்.”

“என்ன தெரியும்?”

“உள்ள சைக்கிள் மணிதான் இருக்குன்னு. நீங்கள்லாம் வேன்ல ஏறிப் போன அன்னைக்கே மூத்தவ ஸ்டூலப் போட்டு ஏறித் தொறந்து பாத்துட்டா. திருப்பி மூடி வச்சிட்டோம்.”

இத்தனை நாளாக நான் பயந்தது எதற்கு? “பிறகு என்னத்துக்கு கிராம சேவகர்ட்ட பெட்டி அடிக்கல்லன்னு சென்னீங்க?” என்று அவள்மேல் பாய்ந்தேன். ஆம், அவள்மேல்.

அவள் நிதானமாகப் படங்கை அவிழ்த்து உதறினாள். “வேற என்னத்தச் சொல்ல? நாலு வருசமா அவரு வாறாரு. எழும்பிப் போங்கங்கிறாரு. எங்க போறதுன்னு கேட்டா பேனைய மூடிருவாரு. ஸ்கூல் ஹாலுக்குப் போனா மூணாம் நாளு, ஸ்கூல் தொறக்கணும் போங்கன்னு வெரட்டுறாங்க. அதுக்குள்ள எனக்கு மூணு பேரு போயிருது.” பேர் என்றால் தோட்டத்தில் ஒரு நாள் சம்பளம். “அன்னைக்குத்தான் பொட்டின்னு சொன்னேன். ஒடனே எழுதிக்கிட்டாரு சேர். பொறியியலாளர் பூட்டின இயந்திரம் இருக்குன்னு. நான் சொல்லி அவரு எழுதினது அது ஒண்ணுதான்.”

“அப்ப ஒருத்தரும் நம்பல்லயா?”

“நான் நம்பல. எதிர்க் காம்பராக் கெழவி நம்புது. ரெண்டு மூணு பேரு நம்புறாங்க. அவங்ககிட்டப் போயிச் சொல்லுங்க.”

ஸ்டூலைக் கேட்டு வாங்கி ஏறிப் பெட்டியைக் கழற்றினேன். சத்தம் கேட்டு லயமே வெளியே வந்தது. மூடியைத் திறந்து உயர்த்திக் காட்டினேன். “இதுக்குள்ள ஒண்ணுமில்ல. கம்பிக்கும் இதுக்கும் தொடர்பில்ல. நான்தான் நூலப் புடிச்சி இழுத்தேன். நான் பொய் சென்னேன்” என்றேன். முற்றுப்புள்ளி போட்டுச் சொன்னேன், நீ கேட்டாயே, அப்படி.

ஒருவர் கேட்டார்: “அப்ப சேர் இஞ்சினியர் இல்லியா?”

“இல்ல.”

“இல்லாட்டியும் நல்லா நடிச்சாரு!” என்று பின்னாலிருந்து ஒரு குரல். சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நான் தாங்கியிருப்பேன். கிழவி சிரிக்கவில்லை. கிட்ட வந்து பெட்டிக்குள் விரலை விட்டுத் தடவிப் பார்த்தாள். “மூணு மாசமா எத நம்பிடா நான் தூங்கினேன்?” என்றாள். “நீ படிச்சவன்தானே?”

எனக்கு ஐம்பத்திரண்டு வயது. கந்தோரில் விரல் சொடுக்கியவனுக்குச் சொல்ல என்னிடம் நூறு பதில் இருந்தது. இவளுக்கு முன்னால் பெட்டியை மூடத்தான் தெரிந்தது.

“சரி, இப்ப ஹாலுக்காவது போங்க” என்றேன். கஜலட்சுமிக்கு அப்போதுதான் கோபம் வந்தது. “சேர், நெசமான மணியே பூட்டினாலும், அடிச்சா எங்க போறது? என்னைய ஆறு தரம் ஓடவச்சீங்களே, எங்க ஓடுறதுன்னு அந்தப் படத்துல ஒருத்தரும் சொல்லலியே!”

உண்மை. அவள் ஓடுவாள், கமரா வாசலோடு நின்றுவிடும். ஒவ்வொரு தரமும் அவள் கக்கூஸ் பக்கம்வரை ஓடிவந்து, போக இடமில்லாமல் நின்று திரும்புவாள். நூலைப் பிடித்துக்கொண்டு ஆறு தரமும் பார்த்தவன் நான்.

“எங்க வீட்டுக்கு வாங்க” என்றேன். யோசித்துச் சொன்னதில்லை. கோபத்தில் சொன்னது. யார்மேல் கோபம் என்று கேட்காதே. ஆறு குடும்பம் ஹாலுக்குப் போகச் சம்மதித்தது. மூன்று குடும்பம், கிழவியோடு சேர்த்துப் பதினொரு பேர், மூட்டைகளோடு என்னுடன் பஸ் ஏறினார்கள். கிழவி என் பக்கத்தில் இருக்க மறுத்துவிட்டாள்.

கீழே எங்களுக்கே இடம் காணாது. உன் மச்சி பதினொரு பேரையும் வாசலில் ஒரு தரம் எண்ணிப் பார்த்தாள். உள்ளே போய்ச் சுத்தியலை எடுத்துவந்து என் கையில் தந்தாள். “மேல் வீடு சும்மாதானே ஈக்கிது” என்றாள். உன் கலியாணத்துக்கு வாப்பா உன் பெயரில் எழுதிய மேல் வீடு. பூட்டை உடைத்துவிட்டேன். உன்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நீ 27க்குப் பிறகு பார்ப்போம் என்றிருப்பாய்.

கரை இன்னும் விழவில்லை. விழுமா என்று எனக்குத் தெரியாது. திங்கட்கிழமை மழை குறைந்தால் திரும்பிவிடுவோம் என்கிறாள் கஜலட்சுமி. மற்றவர் வீட்டில் எத்தனை நாள் இருப்பது என்கிறாள். இன்னொரு கிழமை இருங்கள் என்று சொல்லிவைத்திருக்கிறேன். நான் சொல்வதை அவர்கள் இனி ஏன் கேட்கவேண்டும்?

இன்று காலை உன் மச்சி நாலு தாள்களைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டாள். “நீங்க ஏசிட்டு வைக்கிற அழைப்பெல்லாம் நான் கேட்டு எழுதினேன். வாசிங்க” என்றாள். முப்பத்தேழு பேர். பெட்டியின் விலையைக் கேட்டவர்கள் ஐந்து பேர். விற்க ஏஜென்சி தருவீர்களா என்று கேட்டவர்கள் மூன்று பேர். மற்ற இருபத்தொன்பது பேரும் கஜலட்சுமி கேட்டதைத்தான் ஏதோ ஒரு விதத்தில் கேட்டிருக்கிறார்கள். புசல்லாவைப் பெண் ஒருத்தி: “மணி அடிச்சா தொரை வேற எடம் தருவாருங்களா?” இன்னொருவர்: “பொட்டி இருக்குன்னு எழுதித் தருவீங்களா, அதக் காட்டி வீடு கேக்கலாம்.” நான் அவர்கள் மூன்று சொல் பேசுவதற்குள் கத்திவிட்டு வைத்தேன். நீ பொத்தான் அழுத்தியவர்களை எண்ணினாய். கடைசிவரை கேட்டது அவள் ஒருத்திதான்.

தாள்களை இத்துடன் வைத்திருக்கிறேன். நாளைக் காலை கூரியரில் போடுவேன். 412 பேருக்கு மணி வேண்டும் என்று அந்த மேசையில் நீ சொன்னால் அது பொய். என்னுடைய பொய்யைவிடச் சுத்தமான உடுப்புப் போட்ட பொய். இந்தத் தாள்களை மறைத்துவிட்டு அந்த எண்ணைக் காட்டினாய் என்று தெரிந்தால், வீடியோவில் இருக்கும் ஆள் நான்தான் என்று நிதியத்துக்கு நானே எழுதுவேன். நீ தோட்டக் கந்தோருக்குச் சொல்ல இருந்த மாதிரி, முழுப் பெயரோடு.

முன்னாள் தொழில்நுட்ப உத்தியோகத்தர்
ஸமீம்


தெஹிவளை
29.11.2024

நானா,

அஸ்ஸலாமு அலைக்கும்.

கூரியர் செவ்வாய்க்கிழமை பின்னேரம் கிடைத்தது. தாள்களை வாசித்தேன். வாசித்துவிட்டு மறைத்துத்தான் வைத்தேன். பையின் அடியில், புத்தகங்களுக்குக் கீழே. உங்களிடம் பொய் சொல்ல விருப்பமில்லை.

புதன்கிழமை முதலில் வீடியோவைக் காட்டினேன். பிறகு 412. மூன்று பேர் இருந்தார்கள். நல்லது என்று தலையை ஆட்டினார்கள். ஜனா மேசைக்கு அடியில் என் காலைத் தட்டினான். கிடைத்துவிட்டது என்று அர்த்தம். அப்போது அவர்களில் ஒரு பெண், “அழைத்தவர்கள் என்ன கேட்டார்கள்?” என்றாள். சாதாரணமாகத்தான் கேட்டாள். பெரும்பாலும் விலையைக் கேட்டார்கள் என்று சொல்ல ஒரு விநாடிதான் பிடிக்கும். வாயைத் திறந்தேன். பிறகு பையைத் திறந்தேன்.

மச்சியின் எழுத்தை அப்படியே வாசித்தேன். அவளுடைய ‘ஈக்கிதா’, ‘செல்லுங்க’ எல்லாவற்றோடும். முப்பத்தேழையும். பாதியில் ஜனா எழும்பி வெளியே போய்விட்டான். முடிந்ததும் அந்தப் பெண், “அப்படியானால் இந்தச் சனத்துக்கு மணி வேண்டாம் என்கிறீர்களா?” என்றாள். “முதலில் வேண்டியது மணி இல்லை” என்றேன். “அப்படியானால் உங்களுக்கு நாங்கள் எதற்கு உதவுவது?” என்றாள். நான் தாள்களை மடித்துப் பைக்குள் வைத்தேன். வேறு யோசனையோடு அடுத்த வருடம் வரச் சொன்னார்கள்.

வீடியோவை இறக்கியாகிவிட்டது. ஜனா என்னோடு இனி வேலை செய்யமாட்டானாம். அவனும் நானும் சேர்ந்து செய்த இத்தனை வருட வேலை உங்கள் நாலு தாளில் முடிந்தது. நீங்கள் சொன்னது சரி. அதை மன்னிக்க எனக்குக் கொஞ்சக் காலம் வேண்டும். அதுவரை என்னைக் கூப்பிட வேண்டாம், எழுதவும் வேண்டாம். மச்சி எழுதட்டும்.

பூட்டு விஷயம். நீங்கள் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கவும் வேண்டாம். மேலே பெரிய அலுமாரியில் கம்பளிகள் இருக்கின்றன, வெளியே எடுத்துக் கொடுங்கள். குளியலறைப் பைப்பை இறுக்க வேண்டாம், கையோடு வந்துவிடும். கஜலட்சுமியக்கா பன்விலவுக்குப் போய் வேலை செய்துவிட்டுத் திரும்பட்டும். காலையில் ஐந்தே முக்காலுக்கு ஒரு பஸ் இருக்கிறது.

ஒரு கிழமை முடிகிறது என்று வருகிற திங்கட்கிழமை ஒருவரையும் அனுப்பக்கூடாது. மழைக்காலம் முடியும்வரை பதினொரு பேரும் அங்கேயே இருக்கலாம் என்று மேல் வீட்டுச் சொந்தக்காரி சொன்னாள் என்று சொல்லுங்கள்.

நீங்கள் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

அகீலா